சமையலறை மேஜையில் பிறந்த பலூன்: ஆஞ்சியோபிளாஸ்டியைத் தந்த குருன்ட்சிக் யார்?

மண்டகப்பட்டு பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், விழுப்புரத்தில் ஈசிஜி எடுத்துவிட்டு புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அனுப்புவது வழக்கமாக நடப்பதுதான். அங்கே டாக்டர் ஆஞ்சியோ பார்ப்பார். அடைப்பு இருந்தால் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் போடுவார். பல பேர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். நெஞ்சைத் திறக்காமல் இதயத்துக்குள் இவ்வளவு வேலை பார்க்க முடிவதற்குக் காரணமான டாக்டரின் பெயர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1939 ஜூன் 25-ல் பிறந்தவர். அப்பாவை இரண்டாம் உலகப் போர் கொண்டுபோய்விட்டது. அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். கிழக்கு ஜெர்மனியில் இருந்து மேற்கே வந்து, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964-ல் முடித்தார். 1969-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். ரத்தக்குழாய் நோய்ப் பிரிவில் வேலை.

அவர் படிப்பை முடித்த அதே 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்திருந்தார். கால் அழுகும் நிலையில் இருந்த 82 வயது மூதாட்டியின் ரத்தக்குழாய்க்குள் கத்தீட்டரை, அதாவது மெல்லிய குழாயை, நுழைத்து அடைப்பைத் திறந்தார். அந்தக் காலும் பிழைத்தது. ஆனாலும் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஜெர்மன் டாக்டர்கள் சிலர்தான் கையில் எடுத்தார்கள். குருன்ட்சிக் அவர்களிடம் இருந்து கற்றுக்கொண்டார்.

டாட்டர் முறையில் என்ன சிக்கல்?

மெல்லிய குழாய் மேல் தடித்த குழாயைத் தள்ளித் தள்ளி அடைப்பை அகலப்படுத்த வேண்டும். எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு தடித்த குழாய் தேவை. அப்படியென்றால் தோலில் போடும் துளையும் பெரிசாகும், ரத்தம் கசியும். கால் குழாய்க்கு இது ஓரளவு சரி. சுமார் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள, வளைந்து வளைந்து போகிற இதயக் குழாய்க்கு இது நடக்காத காரியம்.

மெலிசாக உள்ளே போய், போன இடத்தில் மட்டும் விரிய வேண்டும் என்று யோசித்தார் குருன்ட்சிக். அதற்குப் பலூன்தான் வழி. ஆனால் சாதாரண ரப்பர் பலூனை ஊதினால் கெட்டியான அடைப்பு இருக்கிற இடத்தில் அது விரியாது. அடைப்புக்கு முன்னாலும் பின்னாலும், நல்ல குழாய் இருக்கிற இடத்தில்தான் புடைக்கும். அடைப்பு அப்படியே இருக்க, நல்ல குழாய் கிழிந்துபோகும் ஆபத்து.

விடை தேடி அவர் உட்கார்ந்தது பெரிய ஆய்வகத்தில் அல்ல, வீட்டுச் சமையலறையில். பகலில் மருத்துவமனை, ராத்திரியில் மேஜை மேல் குழாய், பிளேடு, பசை. மனைவி மிகேலாவும், உதவியாளர் மரியா ஷ்லும்ப்ஃபும் அவர் கணவரும் கூட இருந்து வெட்டினார்கள், ஒட்டினார்கள். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஹோப் காட்டிய வழியில் பிவிசி கிடைத்தது. நம் ஊரில் தண்ணீர் பைப்பாகத் தெரிந்த அதே பிவிசி குடும்பம்தான். அதில் செய்த பலூன் குறிப்பிட்ட அகலம் வரை விரியும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெருக்காது. உருளை வடிவமும் மாறாது. 1974 பிப்ரவரியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கால் ரத்தக்குழாயில் இதைப் பயன்படுத்தினார்.

அடுத்து இதயம். கத்தீட்டருக்குள் இரண்டு வழி வைத்தார். ஒன்று பலூனை விரிக்க, இன்னொன்று அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க. நாய்களிடம் சோதித்த முடிவை 1976-ல் அமெரிக்க மாநாட்டில் வைத்தபோது, சந்தேகப்பட்டவர்களே அதிகம். சூரிக்கின் இதய அறுவை நிபுணர் ஓகே செனிங் மட்டும் ஆதரவாக நின்றார். இது ஜெயித்தால் தன் அறுவை சிகிச்சைகள் குறையும் என்று தெரிந்தும் நின்றவர், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1977 செப்டம்பர் 16. நோயாளிக்கு 38 வயது, பைபாஸ் செய்யவேண்டிய நிலை. புதிய முறைக்குச் சம்மதித்தார். ஏதாவது தப்பாகப் போனால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவைக் குழு தயாராக இருந்தது. தொடையில் இருந்து கத்தீட்டர் போனது, அடைப்பில் பலூன் இரண்டு முறை விரிந்தது. நோயாளி விழித்துக்கொண்டுதான் இருந்தார். அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் சீரானது. அவ்வளவுதான், பைபாஸ் தேவைப்படவில்லை.

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக டாக்டர்கள் சூரிக்குக்கு வந்தார்கள். சிகிச்சையை நேரடியாகத் திரையில் காட்டிப் பாடம் நடத்தினார். பயிற்சி எடுக்காதவர் கைக்கு இந்தக் கத்தீட்டர் போகக் கூடாது என்பதில் பிடிவாதம். சிலருக்கு அது கோபத்தைக் கொடுத்தது. அப்படிக் கத்தீட்டர் கிடைக்காத ஜான் சிம்ப்சன் என்ற அமெரிக்க டாக்டர் தானே ஒன்றை வடிவமைத்தார். குருன்ட்சிக்கின் கத்தீட்டர் முனையில் சின்னக் கம்பி ஒட்டியே இருக்கும், கிளை பிரியும் இடத்தில் திருப்புவது கஷ்டம். சிம்ப்சன் கம்பியைத் தனியாக்கினார். முதலில் கம்பி வழி கண்டுபிடிக்கும், அதன் மேல் பலூன் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய கேத் லேப்களில் நடப்பதும் இதே அடிப்படையில்தான்.

1980-ல் குருன்ட்சிக் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவரிடம் கற்றவர்களில் ஒருவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். பிறகு சென்னை அப்போலோவில் பணியாற்றி, இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியைப் பரப்பியவர் அவர். 2025-ல் காலமானார்.

குருன்ட்சிக்குக்கு விமானம் ஓட்டுவதில் கொள்ளை ஆசை. 1985 அக்டோபர் 27-ல் மோசமான வானிலையில் சொந்த விமானத்தை ஓட்டிப் போனபோது ஜார்ஜியா மாகாணத்தில் விழுந்து, அவரும் இரண்டாவது மனைவி மார்கரெட் ஆனும் இறந்தார்கள். வயது 46. அதே ஆண்டில்தான் டாட்டரும் காலமானார். விரித்த குழாய் சில மாதத்தில் மறுபடி சுருங்குவது அப்போது பெரிய தலைவலி. அதைத் தடுக்கும் ஸ்டென்ட் மனிதருக்கு முதலில் பொருத்தப்பட்டது அடுத்த ஆண்டு, 1986-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

1977-ல் பலூன் வைத்துக்கொண்ட அந்த முதல் நோயாளிக்கு, பத்து வருஷம் கழித்து மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். குருன்ட்சிக் விரித்த இடம் திறந்தே இருந்தது.