தட்டிக் கதவைத் திறக்கச் சொன்ன தங்கை!

பாண்டுரங்கனின் பக்தர்கள் ஒரு மகானைத் தாயே என்று அழைக்கிறார்கள். மராட்டியில் மாவுலி என்றால் தாய். வயதான பாட்டிகள்கூட இப்படி அழைத்து உருகும் அந்த மகான், 21 வயதிலேயே ஜீவசமாதி அடைந்தவர். அவர்தான் ஆளந்தியில் அருளும் ஸ்ரீஞானேஸ்வரர்!

இன்று தாயாகக் கொண்டாடப்படும் இவரை, ஒரு காலத்தில் சாஸ்திரம் படித்தவர்களே தீண்டத் தகாதவராக ஒதுக்கி வைத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

ஞானேஸ்வரரின் தந்தை விட்டல பந்த். கோதாவரிக் கரையில் உள்ள ஆபேகாவ் என்ற ஊரைச் சேர்ந்தவர். ஆளந்தியைச் சேர்ந்த ருக்மிணிபாயை மணந்தார். ஆனால், மனம் இல்லறத்தில் ஒட்டவில்லை. காசிக்குப் போய், திருமணமானதை மறைத்துச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். ருக்மிணிபாய் கலங்கினாலும், ஆளந்தியில் அரசமரத்தைச் சுற்றி வந்து வழிபடுவதை விடவில்லை.

ஒருமுறை விட்டல பந்தின் குரு, ராமேஸ்வர யாத்திரையாக ஆளந்தி வழியே வந்தார். தன்னை நமஸ்கரித்த ருக்மிணிபாய்க்குப் புத்திர பாக்கியம் உண்டாக ஆசி வழங்கினார். அவள் கதையைக் கேட்டதும் அதிர்ந்துபோனார். தன் சீடன்தான் அவளுடைய கணவன் என்று புரிந்தது. காசிக்குத் திரும்பி, விட்டல பந்தை மனைவியிடமே அனுப்பி வைத்தார்.

குருவின் கட்டளைப்படிதான் அவர் வீடு திரும்பினார். ஆனால், சந்நியாசி மீண்டும் சம்சாரி ஆவதா என்று ஊர் அவர்களைத் தள்ளி வைத்தது. நிவ்ருத்தி, ஞானதேவர், சோபான், முக்தாபாய் என நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். ஞானதேவர் பிறந்தது 1275-ம் ஆண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பிள்ளைகளுக்குப் பூணூல் போட்டு வைக்கக்கூட யாரும் முன்வரவில்லை. பரிகாரம் கேட்ட பெற்றோருக்கு, உயிரை விடுவதே பிராயச்சித்தம் என்று தீர்ப்புச் சொன்னார்கள் பண்டிதர்கள். தாங்கள் போனாலாவது குழந்தைகளை ஊர் ஏற்காதா என்ற தவிப்பில், இருவரும் நதியில் இறங்கி உயிர் துறந்தார்கள் என்கிறது வரலாறு.

அப்படியும் ஊரின் மனம் இளகவில்லை. நான்கு பிஞ்சுகளும் பிச்சை எடுத்துத்தான் பசியாற வேண்டியிருந்தது. சந்நியாசி பெற்ற பிள்ளைகள் என்ற ஏளனம் தெருவெங்கும் துரத்தியது.

ஒருநாள், பிச்சைக்குச் சென்ற இடத்தில் கேட்ட வசைச்சொல் ஞானதேவரின் நெஞ்சைத் தைத்துவிட்டது. பேசாமல் குடிசைக்குள் நுழைந்தார். மூங்கில் தட்டிக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டார். தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பெற்றோரைப் பறித்த உலகத்தோடு இனி என்ன பேச்சு என்று அந்தப் பிள்ளைமனம் வெறுத்திருந்தால், அதில் தவறென்ன இருக்கிறது?

வெளியே வந்து நின்றாள் முக்தாபாய். அண்ணனைவிடச் சின்னவள்; அதே தாய் தந்தையை இழந்தவள். ஊரார் செய்தது சரி என்று அவள் சமாதானம் சொல்லவில்லை. உலகம் கோபத்தில் எரியும்போது அதைக் குளிர வைப்பதுதான் ஞானியின் வேலை என்று எடுத்துச்சொல்லி, கதவைத் திறக்கும்படி திரும்பத் திரும்ப வேண்டினாள். மராட்டியில் தட்டிக்குத் தாட்டி என்று பெயர். அவள் பாடிய பாடல்கள் தாட்டி அபங்கங்கள் என்றே இன்றும் பக்தர்களால் பாடப்படுகின்றன.

தங்கையின் குரலுக்குக் கதவு திறந்தது!

ஊர் ஒதுக்கியதால் பகவானும் ஒதுக்கிவிட்டான் என்று ஞானதேவர் நினைக்கவில்லை. அண்ணன் நிவ்ருத்தியையே குருவாகக் கொண்டு யோகமும் ஞானமும் பயின்றார். சுத்திப் பத்திரம் கேட்டு நால்வரும் பைட்டண் சென்றபோது, அங்கிருந்த பண்டிதர்கள் ஏளனம் செய்தார்கள். எல்லா உயிரிலும் ஒரே ஆத்மாதான் என்றார் ஞானதேவர். அதை நிரூபிக்க, அவர் தொட்ட எருமை வேதம் சொன்னது என்பது பக்தர்கள் போற்றும் அற்புதம்.

அடுத்து அவர் செய்ததுதான் மிகப் பெரிய காரியம். நேவாசா என்ற தலத்தில், தூண் ஒன்றில் சாய்ந்தபடி பகவத் கீதைக்கு மராட்டியில் விரிவுரை சொன்னார். சச்சிதானந்த பாபா என்ற அடியவர் அதை எழுதினார். 1290-ல் நிறைவுபெற்ற அந்த நூலே ஞானேஸ்வரி. சுமார் 9,000 ஓவிப் பாடல்கள் கொண்டது. சம்ஸ்கிருதம் படிக்க வழியில்லாத பெண்களும், எளிய உழைப்பாளிகளும் தங்கள் வீட்டு மொழியிலேயே கீதையைக் கேட்டார்கள். தனக்கு அடைக்கப்பட்ட வாசலை அவர் எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார்!

நூலின் நிறைவில் அவர் இறைவனிடம் கேட்ட வரம் பசாயதானம் எனப்படுகிறது. தன்னை வதைத்தவர்களுக்குத் தண்டனை கேட்கவில்லை. தீயவர்களிடம் உள்ள தீமை மட்டும் விலகி, உயிர்கள் அனைத்தும் நட்போடு வாழ வேண்டும் என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்துதான்!

1296-ல், கார்த்திகை மாதத் தேய்பிறைத் திரயோதசியில், ஆளந்தியில் இந்திராயணி நதிக்கரையில் ஜீவசமாதியில் அமர்ந்தார் ஞானேஸ்வரர். முக்தாபாயும் பெரும் ஞானியாகத் திகழ்ந்தாள். வயது முதிர்ந்த யோகியான சாங்தேவரே அந்தச் சிறுமியைக் குருவாக ஏற்றார் என்கிறார்கள்.

கோயிலிலோ, சடங்கு நடக்கும் வீட்டிலோ யாரோ சொன்ன ஒரு சுடுசொல்லால், விளக்கேற்றவும் மனமின்றி ஒதுங்கியிருக்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. காயப்படுத்தியது மனிதர்களின் நாக்கு, பாண்டுரங்கன் அல்ல. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். முக்தாபாயைப்போல் வாசலில் நின்று அன்போடு கூப்பிடுங்கள்.

புனேவிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் உள்ளது ஆளந்தி. ஒவ்வோர் ஆண்டும் ஆஷாட ஏகாதசியை ஒட்டி, ஞானேஸ்வரரின் பாதுகைகள் பல்லக்கில் பண்டரிபுரம் புறப்படுகின்றன. லட்சக்கணக்கான வார்க்கரி பக்தர்கள் உடன் நடக்கிறார்கள். ஒரு வேளைச் சோற்றுக்காக அந்தப் பிள்ளை வாசல் வாசலாக நின்ற ஆளந்தி, மாவுலி மாவுலி என்ற முழக்கத்தில் அன்று அதிர்கிறது!