ஐந்து பிள்ளைகளும் ஒரு பேனாவும்: சேலம் வக்கீல் ராஜாஜி எழுத்தாளர் ஆனது எப்படி?

ராஜாஜி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் என்ற பட்டம். அரசியல் தெரிந்தவர்கள் குலக்கல்வித் திட்டத்தையும் சுதந்திரா கட்சியையும் சொல்வார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பல வீடுகளின் அலமாரியில் அவர் இருப்பது வேறொரு காரணத்துக்காக. 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற இரண்டு புத்தகங்கள்தான் அந்தக் காரணம். இவ்வளவு வேலைக்கு நடுவே இந்த மனுஷன் எப்போது உட்கார்ந்து எழுதினார்? அதுவும் மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு?

பதில் சேலத்தில் தொடங்கி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்குடிசையில் சூடு பிடிக்கிறது.

சேலத்து வக்கீல்

1878 டிசம்பரில், அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜகோபாலாச்சாரி. அப்பா அந்த ஊர் முன்சீப். ஓசூர், பெங்களூர், சென்னை என்று படிப்பு நகர்ந்தது. 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலுக்கு வந்தார். சீக்கிரமே பேர் வாங்கினார், கையில் காசும் சேர்ந்தது.

அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. 1897-ல் அலமேலு மங்கம்மாவை மணந்தபோது பெண்ணுக்குப் பத்து வயதுதான். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பதின்மூன்று வயதிலேயே முதல் குழந்தை. கிருஷ்ணசாமி, ராமசாமி, நரசிம்மன் என்று மூன்று பையன்கள், நாமகிரி, லட்சுமி என்று இரண்டு பெண்கள். கடைக்குட்டி லட்சுமிக்கு நாலு வயது இருக்கும்போது, 1916 வாக்கில் மங்கம்மா இறந்துபோனார். முப்பது வயதைக்கூடத் தொடவில்லை.

ராஜாஜிக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. வருமானம் உள்ள வக்கீல், மனைவியை இழந்தவர் என்றால் அன்றைக்கு வருஷம் திரும்புவதற்குள் இரண்டாம் கல்யாணம் நடந்துவிடும். அதை யாரும் தப்பாகவும் பேச மாட்டார்கள். ராஜாஜி செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். மூத்தவன் வாலிபத்தின் வாசலில், கடைசிப் பெண் இன்னும் மழலை மாறாத வயதில். நடுவில் கோர்ட்டு, நகரசபை, காங்கிரஸ் கூட்டம். 1917-லிருந்து 1919 வரை சேலம் நகரசபைத் தலைவரும் அவரே.

முதல் எழுத்து வேலை: சொல் செய்வது

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மனைவி இறந்த அதே காலத்தில்தான், 1916-ல், சேலத்து நண்பர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு கழகம் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், வானியல், கணக்கு என்று எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் வேண்டும் என்பதுதான் நோக்கம். பள்ளிக்கூடப் பாடமே இங்கிலீஷில் நடந்துகொண்டிருந்த காலம் அது. தமிழில் விஞ்ஞானமா என்று சிரித்தவர்கள் அதிகம்.

கதை எழுதப் போகிறவர் சொற்பட்டியலில் ஆரம்பித்தது விசித்திரம்தான். ஆனால் அவருடைய பிற்கால நடைக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். கடினமான விஷயத்தை எளிய தமிழில் சொல்ல முடியுமா என்ற பிடிவாதம் அவரை விடவே இல்லை. பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியலுக்கு ஒரு புத்தகம், 'தாவரங்களின் இல்லறம்' என்று செடிகொடிகளின் இனப்பெருக்கத்துக்கு ஒரு புத்தகம். தலைப்பைப் பாருங்கள். ரசாயனத்தைக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். வீட்டில் ஐந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய அப்பாவின் சாயல் அதில் தெரிகிறது.

வருமானம் போச்சு, சிறை வந்தது

1919-ல் குடும்பம் சென்னைக்குப் போனது. அந்த வருஷம் மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்து தங்கியது ராஜாஜி வீட்டில். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்க ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்குத் தோன்றியதும் அங்கேதான். அதற்கப்புறம் ராஜாஜியின் வாழ்க்கை பழைய தடத்தில் ஓடவில்லை. ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை உதறினார். பிள்ளைகள் வளர்ந்து செலவு கூடும் நேரம் பார்த்து வருமானம் நின்றது.

1921 டிசம்பரில் கைது. வேலூர் சிறையில் மூன்று மாதம். லட்சுமிக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம், அம்மாவும் இல்லை. ராஜாஜிக்கு ஆஸ்துமா தொல்லை வேறு. சிறையில் அவர் நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். சாப்பாடு, சக கைதிகள், உடம்பு, மனசு எல்லாமே அதில் உண்டு. சுதந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடாது, ஊழலும் நிர்வாகக் குளறுபடியும் சேர்ந்தே வரும் என்று அன்றைக்கே எழுதி வைத்தார். இந்தப் பகுதியை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தக் குறிப்புகள்தான் 'சிறையில் தவம்'. அவருடைய பல புத்தகங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு சிறை இருக்கிறது. கோர்ட்டும் குடும்பமும் தராத ஓய்வை வெள்ளைக்காரன் சிறை கொடுத்தது என்பது கசப்பான வேடிக்கை.

புதுப்பாளையத்துக் குடிசை

திருச்செங்கோடு என்றால் இன்றைக்கு ரிக் வண்டியும் லாரியும்தான் ஞாபகம் வரும். 1925-ல் அது மழையை நம்பிய வறண்ட பூமி. அந்த வருஷம் பிப்ரவரி 6-ம் தேதி, பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. நிலம் கொடுத்தவர் அந்த ஊர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்து வைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார். ஆமாம், அப்போது இருவரும் ஒரே காங்கிரசில் இருந்த நண்பர்கள். அரசியலில் பிரிந்த பிறகும் அந்த நட்பு கடைசிவரை நின்றது.

ராஜாஜி குடியேறியது ஒரு சின்னக் குடிசையில். கூடவே இளைய பிள்ளைகள் நரசிம்மனும் லட்சுமியும். சேலத்தில் வசதியாக இருந்த குழந்தைகளுக்குக் குடிசை வாழ்க்கை. அப்பா கொள்கைக்காக எடுத்த முடிவின் விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் அவரைத் தியாகி என்று மட்டும் புகழ்ந்தால் கதை பாதிதான்.

ஆசிரமத்தில் நூற்பும் நெசவும்தான் முக்கிய வேலை. சுற்றுப்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பஞ்சு வாங்கிப்போய் நூலாக்கிக் கொண்டுவருவார்கள். வறட்சிக் காலத்தில் அந்தக் காசில்தான் பல வீட்டில் அடுப்பு எரிந்தது. தீண்டாமை ஆசிரமத்துக்குள் கிடையாது. அடுத்தது மது. கூலி வாங்கின கையோடு கள்ளுக்கடைக்குப் போகும் ஆண்களையும் வீட்டில் காத்திருக்கும் பெண்களையும் ராஜாஜி தினமும் பார்த்தார். சிறுகதை எழுத அவருக்கு விஷயம் கிடைத்தது இங்கேதான்.

1929-ல் மதுவிலக்குக்காகவே ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் 'விமோசனம்'. துணைக்கு வந்தவர் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலை பார்த்த ஒரு இளைஞர், ரா. கிருஷ்ணமூர்த்தி. பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதப்போகும் கல்கிதான் அவர். பத்திரிகையில் படமும் கதையும் கட்டுரையும் எல்லாமே குடியைப் பற்றித்தான். ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் வாசகரை இழுப்பது சுலபமில்லை. அந்த நெருக்கடியில் ராஜாஜி கதைகள் எழுதினார். பத்து இதழோடு பத்திரிகை நின்றது. 1930 ஏப்ரலில் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குத் தலைமை தாங்கி நடந்தார், திரும்பவும் சிறை.

கதைகள் எப்படி? சும்மா சொல்லக் கூடாது, விமர்சகர்கள் ரொம்பவும் கொண்டாடவில்லை. 'தேவானை' போன்ற கதைகளில் உபதேசம் தூக்கலாக இருக்கிறது என்ற குறையில் நியாயம் உண்டு. அவர் சமகாலத்துப் புதுமைப்பித்தன் பக்கத்தில் வைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் குடியால் ஒரு விவசாயக் குடும்பம் படிப்படியாகக் கரையும் 'திக்கற்ற பார்வதி' வேறு ரகம். அதில் கூலி, கடன், கோர்ட்டு எல்லாம் கண்ணால் பார்த்தவரின் விவரத்தோடு வரும். சேலம் கோர்ட்டில் வாதாடியவரும் புதுப்பாளையத்தில் குடியிருந்தவரும் சேர்ந்து எழுதிய கதை அது.

மகளின் கல்யாணம்

பிள்ளைகள் விஷயத்தில் ராஜாஜிக்குப் பெரிய சோதனை 1927-ல் வந்தது. காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் லட்சுமியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவருக்கு வயது 27-ஐ ஒட்டி, லட்சுமிக்கு 15. அவர்கள் குஜராத்தி பனியா, இவர்கள் தமிழ் ஐயங்கார். ராஜாஜியும் காந்தியும் பேசி ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஐந்து வருஷம் பிரிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் மனசு மாறாவிட்டால் கல்யாணம். இன்றைய கண்ணுக்கு இது கடுமையாகத் தெரியும். ஆனால் 15 வயதுப் பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டாமல் காத்திருக்கச் சொன்னதை, பத்து வயதுப் பெண்ணை மணந்த ஒருவர் செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1933 ஜூனில் பூனாவில் திருமணம் நடந்தது. சாதி கடந்த அந்தக் கல்யாணம் உறவுக்குள் எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று யூகிக்கச் சிரமமில்லை.

மூத்த மகள் நாமகிரி கணவரை இழந்து அப்பாவோடு தங்கினார். பிற்காலத்தில் கவர்னர் ஜெனரல் மாளிகையிலும் அப்பாவைக் கவனித்துக்கொண்டவர் அவரே. அம்மா இல்லாத பிள்ளைகளை அப்பா வளர்த்த வீட்டில், அப்பாவுக்கு வயதானபோது மகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்.

பதவி போனதும் வந்த ராமாயணம்

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அக்டோபர் 1-ம் தேதி முதல் மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். 'விமோசனம்' எழுதிய கை, சட்டத்தில் கையெழுத்துப் போட்டது.

பிறகு எழுத்து வேகம் பிடித்தது. சாக்ரடீஸ், மார்க்கஸ் அரேலியஸ், கீதை, உபநிஷதம் என்று எளிய தமிழில் கொண்டுவந்தவர், 1940-களில் 'கல்கி' பத்திரிகையில் மகாபாரதத்தைத் தொடராக எழுதினார். 1954-ல் குலக்கல்வித் திட்டம் கடும் எதிர்ப்பைக் கிளப்பி, ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற அந்தத் திட்டம் சாதியைக் கட்டிக்காக்கும் என்பதுதான் எதிர்ப்பின் சாரம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பதவி போன சில வாரத்திலேயே ராமாயணத் தொடர் தொடங்கிவிட்டது. தொடர் ஓடும்போதே, அந்த டிசம்பரில் கல்கி காலமானார். புதுப்பாளையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதழ் தயாரித்த இளைஞர் தன்னைவிட 20 வயது சின்னவர். ராஜாஜி தொடரை நிறுத்தவில்லை.

வாக்கியம் சின்னது, சொல் தெரிந்தது, நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் நேராகப் பேச்சு. பாட்டி படிக்கலாம், எட்டாம் வகுப்புப் பையனும் படிக்கலாம். பண்டிதர்கள் குறை சொன்னார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். 1958-ல் 'சக்கரவர்த்தித் திருமகன்' சாகித்ய அகாடமி விருது பெற்றது. தான் நாட்டுக்குச் செய்த சேவைகளில் இந்த இரண்டு இதிகாசங்களைத் தமிழில் கொடுத்ததுதான் சிறந்தது என்று அவரே கருதினார். கவர்னர் ஜெனரல் பதவியை அவர் அந்தப் பட்டியலில் மேலே வைக்கவில்லை.

வீட்டிலும் பேனா தொடர்ந்தது. நரசிம்மன் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குப் போனவர், அப்பாவைப் பற்றியும் எழுதினார். லட்சுமியின் மகன்கள் ராஜ்மோகன் காந்தியும் கோபாலகிருஷ்ண காந்தியும் பேர்பெற்ற எழுத்தாளர்கள். ராஜாஜியின் விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுதியது ராஜ்மோகன்தான்.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது ராஜாஜிக்கு 92 வயது. கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது நடக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ம் தேதி அவர் இறந்தார். 1973-ல் கள்ளுக்கடைகளும் 1974-ல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அதே 1974-ல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில், ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்து, 'திக்கற்ற பார்வதி' திரைக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.