டாக்ஸி நம்பரும் ராமானுஜன் தவறவிட்ட எண்ணும்

அடுத்த தடவை சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வண்டியின் நம்பரைப் பாருங்க. 2-ல் போகுமா, 3-ல் போகுமா, 7-ல் போகுமா என்று மனசுக்குள்ளேயே வகுத்துப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு, மூணு பகா எண்களிலேயே கதை முடிந்துவிடும். அஞ்சாறு பகா எண்களாகப் பிரியும் நம்பர் லேசில் கண்ணில் படாது. நம்பர் எவ்வளவு பெரிசானாலும் இதே கதைதான். 1-க்குப் பின்னால் 80 சைபர் போட்டு, அந்த அளவில் ஏதோ ஓர் எண்ணை எடுத்தாலும் வெவ்வேறு பகாக் காரணிகள் அஞ்சு, ஆறு அளவில்தான் இருக்கும். இதை 1917-ல் நிரூபித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி. இன்னொருவர் நம்ம கும்பகோணத்து ராமானுஜன்.

அவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் பரீட்சை தேறவில்லை. காகிதம் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். அழித்து அழித்து முழங்கையே கறுத்துப்போனதாம். 1909-ல் ஜானகியோடு கல்யாணம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அடுத்த வருஷம் ஹார்டிக்குக் கடிதம்.

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த வீடு அது. கிளம்பும் முன் குடுமியை எடுத்தாகிவிட்டது. ஜானகி இங்கேயே இருந்துவிட்டார்.

கேம்பிரிட்ஜில் அவர் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புக் கணக்கில் தொடங்கும் விஷயம்தான் அது. 60-ஐ எடுத்துக்கோங்க. பகா எண்களாகப் பிரித்தால் 2×2×3×5. இதற்கு எத்தனை காரணிகள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். இருக்கிற ரெண்டு 2-களில் ஒன்றையும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம்: 3 வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம்: 2 வழி. 5-க்கும் அப்படியே. 3×2×2, மொத்தம் 12 காரணிகள். 60-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 12 கிடையாது. 48-க்குக்கூட பத்துதான்.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துகிற எண்களைத்தான் ராமானுஜன் தேடிப் பிடித்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். வண்டி நம்பர்களுக்கு நேர் எதிரான ஜாதி என்று வைத்துக்கோங்க. இவற்றைப் பகா எண்களாக உடைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 2-ல் தொடங்கி இடையில் எந்தப் பகா எண்ணையும் தாண்டாமல் வரிசையாக வரும். சின்ன எண்ணைவிடப் பெரிய எண் அதிக தடவை வராது. காரணம் எளிது. 2×2×5, அதாவது 20-க்கு 6 காரணிகள். அந்த 5-க்குப் பதில் 3-ஐப் போட்டால் 12. அதற்கும் அதே 6. அப்புறம் 20 எப்படி ஜெயிக்கும்? கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4-ம் 36-ம் மட்டும் விதிவிலக்கு என்றும் நிரூபித்தார். இது மட்டும் அவ்வளவு எளிதில்லை.

1915-ல் வெளியான அந்தக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் கையால். அந்தப் பட்டியலில் ஓர் எண்ணை மட்டும் ராமானுஜன் தவறவிட்டுவிட்டார்: 2,93,31,86,25,600. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. அவர் பட்டியலின் கடைசி எண் அப்படியே வரும்! இவ்வளவு பக்கத்தில் இருந்தது கண்ணில் படவில்லை. கும்பகோணத்தில் பட்டம் வாங்க முடியாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான்.

ஆனால் அது முதல் உலகப்போர் காலம். லண்டன் கணிதக் கழகத்தில் பணத்தட்டுப்பாடு. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. ராமானுஜனுக்கோ சாப்பாடே பிரச்னை. சைவம்தான், அதுவும் தானே சமைத்தால்தான். போரில் காய்கறி கிடைப்பது அரிது. ராத்திரி பகலாகக் கணக்கு, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு. 1917-ல் படுத்துவிட்டார். காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

லண்டனில் பட்னி என்ற இடத்தில் அவர் சிகிச்சையில் இருந்தபோது ஹார்டி பார்க்க வந்தார். வந்த டாக்ஸியின் நம்பர் 1729. சுவாரஸ்யமில்லாத எண் என்று ஹார்டி குறைப்பட்டுக்கொள்ள, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சின்ன எண் அது என்று ராமானுஜன் படுக்கையில் இருந்தே சொன்ன கதை உலகப் பிரசித்தம். 12-ன் கனமும் 1-ன் கனமும் ஒரு விதம். 10-ன் கனமும் 9-ன் கனமும் இன்னொரு விதம். சரி, அதையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்: 7×13×19. மூணே பகா எண்கள், மொத்தம் எட்டே காரணிகள். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய தேற்றம் சொன்ன மாதிரியே சாதாரண டாக்ஸி நம்பர்தான். பக்கத்திலேயே இருக்கும் 1680-க்கு 40 காரணிகள்!

1918-ல் ராயல் சொசைட்டியும் டிரினிடி கல்லூரியும் அவரைத் தங்கள் உறுப்பினராக்கிக்கொண்டன. 1919-ல் ஊர் திரும்பினார். ஜானகி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். உடம்பு எலும்பாகத் தேய்ந்தபோதும் காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் அதை வைத்தே பிழைத்தார். 1994-ல் காலமானார். அச்சேறாமல் நின்றுபோன அந்தக் கட்டுரையின் மிச்சம் முழுசாக அச்சில் வந்தது 1997-ல்.