சம்மதம் கேட்ட டாக்டர்

மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு கொடிய நோய். முதலில் காய்ச்சல் அடிக்கும். உடம்பெல்லாம் வலிக்கும். நோய் முற்றினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். கறுப்பு நிறத்தில் வாந்தி வரும். பிறகு மரணம்!

அந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்துக் காட்டியவர் டாக்டர் வால்டர் ரீட். அதற்காக அவர் மனிதர்களுக்கே நோயை வரவழைத்துப் பார்த்தார். ஆனால் அதற்கு முன்பு, அவர்களிடம் ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்.

17 வயதில் டாக்டர்

வால்டர் ரீட் 1851-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார்.

ரீட் படிப்பில் சூரர். 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 17 தான்!

1875-ல் ராணுவ டாக்டரானார். தொலைதூர எல்லை முகாம்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1893-ல் வாஷிங்டன் நகரில், ராணுவ மருத்துவப் பள்ளியின் பேராசிரியரானார்.

கொசு மீது சந்தேகம்

1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை கியூபா தீவில் தங்கியது. சிப்பாய்களை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது.

நோயாளியின் துணி, படுக்கை மூலம் நோய் பரவுகிறது என்று பலரும் நம்பினார்கள். கியூபாவைச் சேர்ந்த டாக்டர் பின்லே மட்டும், கொசுதான் காரணம் என்று 1881-லேயே சொன்னார். அதை யாரும் நம்பவில்லை.

1900-ல் அமெரிக்க ராணுவம் நான்கு டாக்டர்கள் கொண்ட குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அதற்குத் தலைவர் ரீட். மற்ற மூவர் கரோல், லசியார், அக்ரமோன்ட்டே.

எந்த மிருகத்துக்கும் இந்த நோயை வரவழைக்க அப்போது வழி தெரியவில்லை. உண்மை தெரிய வேண்டுமானால் மனிதனைக் கொசு கடிக்க வேண்டும்!

சொல்லாமல் போட்ட ஊசி

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விபரீதம் நடந்திருந்தது. சனரெல்லி என்ற இத்தாலிய டாக்டர், மஞ்சள் காய்ச்சல் கிருமி என்று தாம் நினைத்த ஒன்றை ஐந்து நோயாளிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. 1897-ல் இதை அவரே வெளியிட்டார். பிரபல டாக்டர் ஆஸ்லர், இது குற்றம் என்று கண்டித்தார்.

ரீட் குழுவினர் வேறு முடிவு எடுத்தார்கள். முதலில் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள்.

ரீட் அலுவல் காரணமாக வாஷிங்டன் போயிருந்தார். அந்தச் சமயத்தில் கரோல் கொசுவைத் தம் கையில் கடிக்கவிட்டார். நோய் வந்து சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அடுத்து லசியாருக்கு நோய் கண்டது. 1900 செப்டம்பர் 25-ந் தேதி அவர் இறந்தார். வயது 34. மனைவியும் இரண்டு குழந்தைகளும் தவித்து நின்றார்கள்.

ரீட் துயரத்தோடு கியூபா திரும்பினார். ஹவானா நகருக்கு வெளியே ஒரு முகாம் அமைத்து, அதற்கு லசியாரின் பெயரையே வைத்தார்.

பத்திரத்தில் என்ன?

முகாமில் சோதனைக்கு வந்தவர்களுக்காக ஒரு பத்திரம் தயாரானது. ஆங்கிலத்தில் எழுதி, ஸ்பெயின் நாட்டுக் கூலியாட்களுக்குப் புரியும்படி அவர்கள் மொழியிலும் எழுதினார்கள்.

கையெழுத்துப் போடுபவர் 25 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும். தாமாகவே சம்மதிக்க வேண்டும். நோய் வந்தால் உயிருக்கு ஆபத்து உண்டு என்று அதில் எழுதியிருந்தது. நோய் கண்டால் நல்ல சிகிச்சை தரப்படும். சோதனைக்கு வந்தால் 100 டாலர். நோய் வந்தால் மேலும் 100 டாலர். இறந்துவிட்டால், அவர் குறிப்பிட்ட ஆளுக்குப் பணம் போகும்.

மருத்துவச் சோதனைக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய முதல் சில சம்பவங்களில் இதுவும் ஒன்று.

கிசிஞ்சர் என்ற சிப்பாயும், மோரன் என்ற குமாஸ்தாவும் முன்வந்தார்கள். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்!

இரண்டு வீடுகள்

முகாமில் இரண்டு சிறு வீடுகள் கட்டினார்கள். ஒன்றில் நோயாளிகளின் அழுக்குத் துணிகளையும் படுக்கைகளையும் குவித்தார்கள். அதில் மூன்று பேர் 20 இரவுகள் படுத்தார்கள். துர்நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனால் ஒருவருக்கும் நோய் வரவில்லை!

மற்றொரு வீடு சுத்தமானது. நடுவே கம்பி வலை. ஒரு பக்கம் கொசுக்களை விட்டார்கள். மோரன் அங்கே போய்ப் படுத்தார். கிறிஸ்துமஸ் தினத்தன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கொசுதான் குற்றவாளி என்பது நிரூபணமாகிவிட்டது! முகாமில் சோதனைக்கு வந்தவர்களில் யாரும் சாகவில்லை.

1901-ல் ஹவானாவில் கொசு ஒழிப்பு வேலை மும்முரமாக நடந்தது. பல தலைமுறைகளாக நகரை ஆட்டிப் படைத்த நோய், அந்த ஆண்டிலேயே ஒழிந்தது.

தீராத கேள்வி

சம்மதம் வாங்கினால் ஆபத்து போய்விடுமா? அதே 1901-ல் ஹவானாவில் வேறு டாக்டர்கள் சோதனை நடத்தினார்கள். அதற்குத் தாமாகவே முன்வந்த அமெரிக்க நர்ஸ் கிளாரா மாஸ், ஆகஸ்டில் உயிர் இழந்தார். வயது 25 தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பிழைக்க வந்த ஏழைக் கூலிக்கு 100 டாலர் பெரிய தொகை. அந்தப் பணத்தைக் காட்டிக் கேட்கும்போது, அவன் முழு மனதோடுதான் சம்மதித்தானா? இது இன்றும் அறிஞர்கள் விவாதிக்கும் விஷயம்.

ரீட் நீண்ட காலம் வாழவில்லை. குடல்வால் நோய் கண்டு ஆபரேஷன் நடந்தது. 1902 நவம்பரில் காலமானார். வயது 51. 1909-ல் வாஷிங்டனில் திறந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி டாக்டர்கள் கைதிகளின் உடம்பில் கொடிய சோதனைகள் செய்தார்கள். ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் அவர்கள் மீது வழக்கு நடந்தது. 1947-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள், சோதனைக்கு உட்படுகிறவர் தாமாகச் சம்மதிக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார்கள்.

சோதனைக்கு மட்டும் இல்லை, சிகிச்சைக்கும் இன்று அதே முறைதான். ஆபரேஷனுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் நீட்டுகிறார்கள். அதில் கையெழுத்துப் போடுமுன், என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதைப் புரியும்படி எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை.