ஹீலியத்தை அடக்கிய காமர்லிங் ஓன்னெஸ்

ஹைக்கே காமர்லிங் ஓன்னெஸ் என்பார் 1853ஆம் வருஷம் ஹாலந்து தேசத்துக் கிரோனிங்கன் நகரில், செங்கற் சூளைகளுக்கு உரியவரான ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். ஹைடல்பர்க் நகரில் புன்சன், கிர்க்காப் ஆகியோரிடம் பயின்று, 1882இல் லெய்டன் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திர ஆசிரியரானார்.

அவருடைய ஆராய்ச்சிசாலை நின்ற இடமோ, 1807இல் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்துப் பாழாக்கிய நிலம். ஆதலின் நகரத்தார் அங்கு அழுத்தப்பட்ட வாயுக்கள் இருத்தலை அஞ்சி முறையிட, 1895 முதல் 1898 வரை அவ்வேலை தடைப்பட்டது. அவர் மனந்தளர்ந்திலர். 1901இல் கருவி செய்வோர்க்கும் கண்ணாடி ஊதுவோர்க்கும் ஒரு பள்ளியை நிறுவினார். பேராசிரியர் பலர் இழிவாய்க் கருதும் இக்கைத்தொழிலே அவரது வெற்றிக்கு வேர் என்பது எமது துணிபு.

ஏனெனில் ஹீலியம் அணுவின் நுண்மையால் எவ்வித இடுக்கிலும் புகுந்து ஓடும். ரப்பரிலும் சூடான கண்ணாடியிலுங்கூட ஊடுருவும். ஒருமுறை வெளியேறின், மேலெழுந்து இப்பூமியையே விட்டு அகலும். அவரிடமிருந்ததோ தம்பி ஓன்னோவின் உதவியால் அமெரிக்காவிலிருந்து வருவித்த மோனசைட் மணலினின்று எடுத்த சுமார் 360 லிட்டர் வாயு மாத்திரமே. ஒரு மூட்டுக் கசிந்தாலும் பல மாத உழைப்பு வீண். ஆகவே பாதரசத்தையே பிஸ்டனாகக் கொண்ட யந்திரத்தால் வாயுவை அழுத்தி, மூடிய குழாய்களில் சுற்றவைத்து, மீண்டும் சேமக்கலத்திற்கே திருப்பினார். 1908 ஜூலை 10ஆம் தேதி காலையில் தொடங்கிய வேலை இரவில் முடிந்தது. ஒரு சிறு கிண்ணமளவு, 60 கன சென்டிமீட்டர் திரவ ஹீலியம் கிடைத்தது.

1911இல் அக்குளிரில் பாதரசம் மின்தடையை முற்றும் இழத்தலைக் கண்டார். 1913இல் நோபல் பரிசு பெற்றார். தடையற்ற கம்பியால் வலிய காந்தம் செய்ய எண்ணினார். சிறு காந்த வலிமையிலேயே ஈயம் அத்தன்மையை இழந்தமையால் அது கைகூடவில்லை. நியோபியக் கலவைக் கம்பிகளால் அது நிறைவேறியது 1960க்குப் பின்னரே. இன்றும் அக்காந்தங்களுக்குப் பெரும்பாலும் திரவ ஹீலியம் வேண்டும். ஆராய்ச்சிசாலைகளில் மூட்டுகளை இண்டியக் கம்பியால் அடைத்து, கசிவை நுண்கருவியால் தேடி, ஆவியாகும் வாயுவைப் பையிற் பிடித்து மீண்டும் திரவமாக்குவர். வாயுவை வீணாக்காது மீண்டும் சேமித்தல் லெய்டனில் அவர் கைக்கொண்ட முறையே.

1926 பிப்ரவரி 21ஆம் தேதி அவர் காலமானார். அவர் முயன்றும் உறையாத ஹீலியத்தை அவ்வருஷமே அச்சாலையில் கேசம் என்பவர் உறையவைத்தார்.