தூது சென்ற ஔவையார்



ஔவையார் யாரென்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் பதில் கூறுவார்கள். கூன் விழுந்த கிழவி, கையில் கோல், ஆத்திசூடி பாடியவர். 1953-ம் ஆண்டு வெளிவந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நடித்ததைக் கண்ட பெரியவர்களின் மனத்திலும் அந்த உருவமே பதிந்து கிடக்கிறது. ஆனால் இவ்வாரம் உங்களுக்கு நாம் அறிமுகம் செய்யப்போகும் ஔவையார் அவரல்லர். தமிழில் ஔவை என்ற பெயருடன் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தனர் என்பது அறிஞர் துணிபு. ஆத்திசூடி பாடியவர் பிற்காலத்தவர். அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சங்க காலத்து ஔவையார். அவர் பாடியவை 59 பாட்டுகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் இருக்கின்றன. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894-ம் ஆண்டு அந்நூலை அச்சேற்றிய பிறகே பொதுமக்கள் இந்த அம்மையாரை அறிய வழி பிறந்தது.

இவர் கிழவியாக இருந்தார் என்பதற்கு அப்பாட்டுகளில் ஆதாரம் இல்லை. ஒரு பாட்டில் தம்மை ஆபரணம் அணிந்த, மை தீட்டிய கண்ணுடைய விறலி என்றே குறிப்பிடுகிறார். விறலியென்றால் ஆடியும் பாடியும் ஊர் ஊராகச் செல்லும் பாணர் கூட்டத்துப் பெண். கோட்டையோ நிலமோ பதவியோ அவருக்கு இல்லை. முழவும் யாழும் சுமந்த ஒரு கூட்டம், பசி, நாவில் தமிழ் ஆகிய மூன்றுமே அவருக்கு இருந்த சொத்து. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவரை ஆதரித்தவன் தகடூர் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நம் கல்வராயன் மலைக்கு மேற்கே அவன் நாடு. மலைக்குக் கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் கோவலூர், அதாவது நம் திருக்கோவிலூர், மலையமான் திருமுடிக் காரியின் தலைநகரம். வடகிழக்கே காஞ்சி, அங்கே தொண்டைமான். இந்த மூன்று நாட்டையும் ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். தகடூரும் காஞ்சியும் மோதினால், செங்கம் கணவாய் வழியாகவும் பெண்ணைக் கரை வழியாகவும் படை நடக்கும். குடிக்கத் தண்ணீரும் குதிரைக்குப் புல்லும் யார் வயலிலிருந்து எடுப்பார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதியமானுக்கும் ஔவையாருக்கும் இடையே இருந்த நட்பு தமிழுலகம் அறிந்தது. பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய இடத்தில் கிடைத்த நெல்லிக்கனி ஒன்று அவன் கைக்கு வந்தது. உண்டவர் நெடுங்காலம் வாழ்வர் என்பது அக்கனியின் பெருமை. அவன் அதன் பயனைச் சொல்லாமல் மனத்திலேயே அடக்கி, ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான். கல்வராயன் மலைக்காட்டு நெல்லியை உண்டு தண்ணீர் குடித்த உங்களுக்கு அந்தத் துவர்ப்பும் பின்வரும் இனிப்பும் தெரியும். ஆனால் இவர் அரசனுக்கு ஆமாம் போடுகிற புலவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சமயம் அதியமான் பரிசில் கொடுக்கக் காலம் தாழ்த்தினான். அம்மையார் யாழையும் மூட்டையையும் கட்டிக்கொண்டு, வாயில் காவலனிடமே பேசினார். தச்சன் மக்கள் மழுவோடு காட்டுக்குப் போனால் அங்கே மரம் இல்லாமலா போகும், எத்திசைச் சென்றாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்ற பொருள்படப் பாடிவிட்டார். இப்படிப் பேசத் தெரிந்த ஒரு பெண்ணைத்தான் அதியமான் பிற்பாடு பகைவனிடம் அனுப்பினான். அவன் கெட்டிக்காரன் என்பது நம் எண்ணம்.

இனி அந்தத் தூதுக்கு வருவோம்.

தூது செல்வது உயிருக்கு ஆபத்தான வேலை. திருக்குறளில் வள்ளுவர் 69-ம் அதிகாரத்தையே அதற்கென ஒதுக்கி, தன் உயிருக்கு முடிவு வந்தாலும் அஞ்சாமல் சொல்பவனே தூதன் என்று விதிக்கிறார். தொண்டைமான் அதியமானோடு போர் தொடுக்க எண்ணியிருந்த சமயம். ஔவையார் அவன் அவைக்குச் சென்றார். தொண்டைமான் அவரை வரவேற்று, நேரே தன் ஆயுதசாலைக்கு அழைத்துச் சென்றான். இதன் நோக்கம் உங்களுக்குப் புரியும். எங்களிடம் இருப்பதைப் பார், பார்த்ததைப் போய் உன் அரசனிடம் சொல் என்பதே அது. வாய் திறவாமல் பயமுறுத்தும் வித்தை இன்றைக்கும் உலகத்தில் நடக்கிறது. அணிவகுப்பில் ஏவுகணைகளை வரிசையாக இழுத்துச் செல்லுகிறார்களே, அது வேறென்ன?

அம்மையார் பார்த்தார். வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, காம்பு செம்மையாகத் திருத்தப்பட்டு, நெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள மாளிகையில் இருந்தன. அவற்றைப் பார்த்தபடியே பார்த்ததாகச் சொன்னார். பிறகு தம் அரசனுடைய வேல்களைப் பற்றியும் சொன்னார். பகைவரைக் குத்திக் குத்தி அவற்றின் நுனி முரிந்துவிட்டது. ஆகையால் அவை எப்போதும் கொல்லன் உலைக்களத்துச் சிறு குடிசையிலேயே கிடக்கின்றன என்றார். அவ்வளவே. எவையும் குறையாகச் சொல்லப்படவில்லை. ஆனால் அவையிலிருந்த ஒவ்வொருவருக்கும் பொருள் விளங்கியது. எந்த வேல் அழகாயிருக்கிறதோ அது போர்க்களம் காணாதது. நம் பிள்ளைகள் பள்ளியில் இதைப் புகழ்வது போலப் பழித்தல் என்று இலக்கணமாகப் படிக்கிறார்கள். நாமோ இதில் இலக்கணத்துக்கு மேற்பட்ட ஒன்றைக் காண்கிறோம். அவர் தொண்டைமானை அவன் சேனாபதிகள் முன்பாக இழிவுபடுத்தவில்லை. இழிவுபட்ட அரசன் மானத்துக்காகவாவது போருக்குப் போவான். போருக்குப் போகாமலிருக்க அவனுக்கு ஒரு வாசல் திறந்து வைத்தார். சொன்னது பாராட்டு என்று வெளிக்கு வைத்துக்கொண்டு அவன் பின்வாங்கலாம்.

பாட்டின் கடைசி வரிகளை ஆசிரியர்கள் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தம் அரசன் யாரென்று அங்கே சொல்கிறார் அம்மையார். இருந்தால் பிறருக்குச் சோறு கொடுப்பவன். இல்லாவிட்டால் இருப்பதைப் பிறரோடு கூடி உண்பவன். ஏழைச் சுற்றத்தின் தலைவன். ஆயுதசாலையின் நடுவே நின்றுகொண்டு ஒரு பெண் சோற்றைப் பற்றிப் பேசியது வீண் பேச்சல்ல. ஒரே கலத்தில் உண்டவர்கள் அவனை விட்டு ஓடமாட்டார்கள் என்பதைப் படைபலத்தின் கணக்கில் சேர்த்துச் சொன்னார். அந்தப் பாட்டு அங்கேயே முடிகிறது. தொண்டைமான் போரைக் கைவிட்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

நம் ஊர்களிலும் இதன் சாயலைக் காணலாம். வரப்புக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளப் போகிற அன்று, ஆண்கள் திண்ணையில் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்க, ஒரு அத்தையோ பெரியம்மாவோ இரண்டு வீட்டுக்கும் அடுக்களை வழியாகப் போய்வருவார். தீர்ப்பு திண்ணையில் எழுதப்படும். சமாதானம் ஆனது அடுக்களையில்.

உலகப் பெரியவர்கள் இதைச் சட்டமாக எழுத வெகுகாலம் ஆயிற்று. 2000-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1325 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றி, போரைத் தடுப்பதிலும் சமாதானப் பேச்சிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. 2007-ல் நம் தேசம் பெண்கள் மட்டுமே அடங்கிய காவல் படை ஒன்றை, உள்நாட்டுப் போரால் சீரழிந்த லைபீரியாவுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் திருச்சபையிலும் உதாரணம் உண்டு. 1376-ம் ஆண்டு, பிளாரன்ஸ் நகரத்தாருக்காக அர்ச். சியென்னா கத்தரீனம்மாள் அவிஞ்ஞோன் நகரில் பாப்பரசர் 11-ம் கிரகோரியாரிடம் தூது போனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்தச் சமாதானம் கைகூட 1378-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தூது போனவுடன் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

ஔவையாரிடம் திரும்புவோம். இங்கே ஒரு கசப்பான சங்கதியையும் உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நம் ஊரைப் பற்றியது.

காஞ்சியோடு போர் நின்றது, கோவலூரோடு நிற்கவில்லை. அதியமான் காரியின் கோவலூரைத் தாக்கி அழித்தான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே தம் பாட்டில் பெருமையாகக் குறிப்பிடுகிறார். கோவலூரில் எரிந்த வீடுகளுக்காக அவர் பாடிய பாட்டு எதுவும் நம் கையில் இல்லை. இன்னொரு பாட்டில், அதியமான் போர்க்களத்திலிருந்து வந்த கோலத்தோடு, புதிதாய்ப் பிறந்த தன் மகனைப் பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வேர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண். குழந்தையைக் கண்ட பிறகும் அவன் கண்ணின் சிவப்பு மாறவில்லை என்கிறார் அம்மையார். வீரம் என்று அவர் பாடினார். குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் இதை எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தோன்றாமல் இல்லை.

பகைவரை நோக்கி அவர் பாடியவையும் உண்டு. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரே ஒரு சக்கரத்தை ஒரு மாதம் முழுவதும் இழைத்து இழைத்துச் செய்தால் எப்படியோ அப்படிப்பட்டவன் எங்களிடம் இருக்கிறான். களத்தில் கால் வைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார். இதுவும் போரைத் தடுக்கும் பேச்சுதான் என்று சிலர் வாதிப்பர். ஓரளவு உண்மை. ஆயினும் தம் அரசனின் போரையும் தடுக்கிற தைரியம் வேறு. அதைக் காட்டியவர் கோவூர் கிழார் என்ற புலவர். சோழன் கிள்ளிவளவன் ஒரு மலையமானின் பச்சைக் குழந்தைகளை யானைக் காலில் இடப் பார்த்தபோது, அவர் குறுக்கே நின்று பாடிக் காத்தார். காத்த உயிர்கள் நம் திருக்கோவிலூர் அரச குலத்தவை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுவோம். காரி சேரர் பக்கம் நின்றவன். ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். முடிவில் பெருஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரன் பெரும்படையோடு வந்து தகடூரைக் கைப்பற்றினான். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூலே இருந்தது. இன்று சில பாட்டுகளே எஞ்சியுள்ளன. அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மாண்டான்.

நுனி முரிந்த வேலைப் பற்றிப் பெருமையாகப் பேசிய அதே அம்மையார், இப்போது தம் அரசன் மார்பில் பாய்ந்த வேலைப் பற்றிப் பாட வேண்டியதாயிற்று. அந்த ஒரு வேல் பாணருடைய பிச்சைப் பாத்திரங்களைத் துளைத்து, இரப்பவர் கைகளை ஊடுருவி, புலவர் நாவிலும் போய்த் தைத்தது என்று அவர் புலம்புகிறார். கொஞ்சம் கள் இருந்தால் எங்களுக்குத் தருவான், நிறைய இருந்தால் எங்களோடு சேர்ந்து உண்பான் என்று பழைய நாட்களை ஒவ்வொன்றாய் எண்ணுகிறார். அவனுக்கு நட்ட நடுகல்லில் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். முழு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று கேட்டு, இனிக் காலையும் மாலையும் இல்லாமற் போகட்டும் என்கிறார். செங்கம் வட்டாரத்து வயல்களில் நடுகற்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் வீரன் உருவம் இருக்கும். அழுதவர்கள் உருவம் இராது.

அவர் பாட்டுகளில் நாம் மிகவும் போற்றுவது வேறொன்று. சேரமான் மாவெண்கோ, பாண்டியன் உக்கிரப் பெருவழுதி, சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி மூவரும் ஒரு சமயம் ஒன்றாகக் கூடி இருந்தார்கள். தமிழ்நாட்டு மூவேந்தரும் ஒரே இடத்தில் பகையின்றி வீற்றிருப்பது அபூர்வம். அங்கே ஔவையாரும் இருந்தார். மூவரையும் சமமாக வைத்து, ஒருவரையும் மிகுத்துப் பாடாமல் வாழ்த்தினார். இந்த நிலம் உங்களோடு கூட வராது. நோற்றவன் வேறெவனாயினும் அவனுக்குப் போய்விடும். செய்த நல்வினையே துணை. ஆகையால் இரப்பவருக்குக் கொடுத்து, வானத்து மீனினும் மழைத்துளியினும் அதிகமான நாள் வாழுங்கள் என்பது அந்த வாழ்த்தின் சாரம். மண்ணுக்காகப் போரிடும் மூவரிடம், மண் யாருக்கும் சொந்தமில்லை என்று மங்கல வாழ்த்தாகச் சொல்லிவிட்டு வந்தார். இதற்கு எந்த அரசனும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

1981-ம் ஆண்டு, திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் குன்றில், பாறைக்குகை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து ஒரு வரி கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அந்தக் குகையைத் துறவிகள் தங்கும் இடமாகத் தானம் கொடுத்தான் என்பது அதன் செய்தி. அவன் அழித்த கோவலூரின் பக்கத்திலேயே அது இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்; வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.