மைதானம் பெருக்கிய பாலு

கிரிக்கெட் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் ஆட்டக்காரர்களைப் பார்ப்பார்கள், பந்தைப் பார்ப்பார்கள். தரையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தரையைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலையில் தொடங்கி, இந்தியாவின் முதல் பெரிய பந்து வீச்சு வீரராக உயர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பல்வங்கர் பாலு.

மாதம் 3 ரூபாய்

பாலு 1870-களின் நடுவில், தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர். அந்நாளில் அந்த வகுப்பாரைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பூனா நகரில் பார்சிக்காரர்கள் ஒரு கிரிக்கெட் சங்கம் நடத்தினார்கள். பாலு அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மைதானத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் அவர் வேலை. சம்பளம் மாதம் 3 ரூபாய்.

1892-ம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆயிற்று. வேலையும் கூடிற்று. அங்கே கிரிக்கெட்டும் உண்டு, டென்னிசும் உண்டு. இரண்டுக்கும் கோடு போட வேண்டும். வலை கட்ட வேண்டும்.

தரையின் இரகசியம்

புல்தரையைக் காப்பது சுலபமான வேலை அல்ல. முதலில் தண்ணீர் விட வேண்டும். ஈரம் பதமாக இருக்கும்போது உருளை இழுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மண் உருளையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் எத்தனை தடவை இழுத்தாலும் மண் இறுகாது.

மண்ணைக் கட்டிப் பிடிப்பது புல்லின் வேர். புல் பட்டுப்போனால் தரை வெடிக்கும். வெடித்த தரையில் பந்து தாறுமாறாகத் திரும்பும். பலரும் பல ஆட்டம் ஆடும் மைதானத்தில் கஷ்டம் இன்னும் அதிகம். மிதிபட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்தால்தான் புல் மறுபடி தழைக்கும்.

இந்த வேலைகளுக்கு நடுவே, வலைக்குள் பழகும் துரைமார்களுக்குப் பாலு பந்து வீசினார். இடது கையால் மெதுவாக வீசுவார். பந்து சுழன்று திரும்பும். கிரெய்க் என்ற துரை, தம்மை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 8 அணா கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் மட்டையைத் தொட மட்டும் பாலுவை யாரும் விடவில்லை.

மண் குவளையில் தேநீர்

பாலுவின் திறமை ஊருக்குத் தெரிந்தது. பூனா இந்துக்கள் அவரைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக் கொண்டார்கள். களத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையிலோ மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே மண் குவளையில் தேநீர்!

ஒரு சமயம் சதாராவில் வெள்ளையர் சங்கத்துடன் பந்தயம் நடந்தது. பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்று, அவர்கள் நாள்கணக்கில் உருளை இழுத்துத் தரையைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார்கள். உருளையின் குணம் பாலுவுக்குத் தெரியாதா? அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனா இந்துக்கள் ஜெயித்தார்கள்.

பிறகு பாலு பம்பாய்க்குப் போனார். 1906-ல் இந்துக்கள் கோஷ்டி ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்தக் கோஷ்டியில் பாலுவும் இருந்தார். அவருடைய தம்பி சிவராமும் இருந்தார். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய கோஷ்டி இங்கிலாந்து சென்றது. அங்கே பாலு எடுத்த விக்கெட்டுகள் 114!

இவ்வளவு இருந்தும் இந்துக்கள் கோஷ்டியின் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. ஜாதி குறுக்கே நின்றது. 1923-ல் அவருடைய இன்னொரு தம்பி விட்டல் தலைவர் ஆனார். அந்த ஆண்டு இந்துக்களே வாகை சூடினார்கள். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது.

பின்னாளில் பாலு அரசியலிலும் ஈடுபட்டார். 1937 தேர்தலில் டாக்டர் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 1955-ம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார்.

சேப்பாக்கமானாலும் சரி, மணிமங்கலத்துத் திடலானாலும் சரி, ஆட்டம் தொடங்குமுன் தரையைச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். வெயிலில் வேலை செய்யும் அந்த மனிதருக்கும் உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க வேண்டும். பாலுவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.